பாதை வருவது வேறு, ரயில் நிற்பது வேறு

புதிய ரயில் பாதை கேட்டு மனு எழுதும் ஊர்க் குழுக்களுக்கும் பயணிகள் சங்கங்களுக்கும் வணிகர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

கொங்கண் ரயில் பாதை மகாராஷ்டிரத்தின் ரோஹாவில் தொடங்கி, கோவாவைக் கடந்து, கர்நாடகத்தில் மங்களூருக்கு அருகிலுள்ள தோக்கூரில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 740 கி.மீ. சிறிதும் பெரிதுமாக இரண்டாயிரத்தை நெருங்கும் பாலங்களும் தொண்ணூறுக்கு மேற்பட்ட மலைச்சுரங்கங்களும் கொண்ட இப்பாதை 1998 ஜனவரி 26 முதல் முழுமையாக இயங்குகிறது. கட்டுமானச் சாதனையாக இது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. பாதையோரத்து ஊர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கின்றன என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால், வந்த லாபம் எது, வராத லாபம் எது என்று அந்த ஊர்கள் கணக்குப் பார்த்துவிட்டன. திண்டுக்கல்–லோயர் கேம்ப் போல இன்னும் போடப்படாத பாதைகளுக்காக மனுக் கொடுத்துவரும் குழுக்களுக்கு அந்தக் கணக்கு பயன்படும்.

இப்பாதை போடப்படும் முன் மும்பையிலிருந்து தெற்கே வந்த தண்டவாளம் ரோஹாவோடு நின்றது. அங்கே வந்து சேர்ந்ததே 1986இல்தான். மங்களூருக்கு 1907லிருந்தே ரயில் உண்டு. நடுவில், கோவாவை உள்நாட்டோடு இணைத்த ஒரு மீட்டர் கேஜ் பாதையை விட்டால், சஹ்யாத்ரி மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடைப்பட்ட நீண்ட நிலத்தில் ரயில் கிடையாது. அந்த நிலத்தில் மழை அதிகம், விளைநிலம் குறைவு. ரத்னகிரிப் பக்கத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாக மும்பைப் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். ஊரில் அவர்களுக்குச் ‘சாக்கர்மானி’ என்று பெயர். வேலைக்குப் போனவர் என்று பொருள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊர் பிழைத்ததால் கொங்கணத்துக்கு ‘மணியார்டர் பொருளாதாரம்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. விநாயகர் சதுர்த்திக்கு ஊர் திரும்ப இரவு முழுக்க மலைச்சாலையில் அரசுப் பேருந்து. மும்பையில் வேலை பார்த்த மங்களூர்க்காரருக்கு நிலைமை இன்னும் மோசம். ரயிலில் போனால் சுற்றுவழியில் 2,041 கி.மீ, புதிய பாதையில் அது 914 கி.மீ ஆனது. 41 மணி நேரம் 15 மணி நேரமாகும் என்று திட்டத்தின்போது அறிவிக்கப்பட்டது.

கோரிக்கை பழையதாக இருந்தும் பணம் ஒதுக்கப்படவில்லை. 1989 டிசம்பரில் அமைந்த வி.பி. சிங் அரசில் இரண்டு நாற்காலிகள் ஒரே நேரத்தில் இக்கடற்கரைக்குக் கிடைத்தன. ரயில்வே அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் மங்களூரில் பிறந்தவர். நிதியமைச்சர் மது தண்டவதே கொங்கணத்தின் ராஜாப்பூர் தொகுதி உறுப்பினர். 1990 ஜூலையில் கொங்கண் ரயில்வே கார்ப்பரேஷன் தனி நிறுவனமாகப் பதிவானது. தலைமைக்கு வந்தவர் இ. ஸ்ரீதரன், 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் மீட்டவர் என்பதால் தமிழ்நாட்டுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. பங்கு மூலதனத்தில் ரயில்வே 51, மகாராஷ்டிரம் 22, கர்நாடகம் 15, கோவா 6, கேரளம் 6 சதவீதம் போட்டன. மீதிப் பணத்தின் பெரும்பகுதி கடன் பத்திரங்களில் திரட்டப்பட்டது. பாதையில் ஒரு கிலோமீட்டர்கூடக் கேரளத்தில் இல்லை. ஆனாலும் கேரளம் பங்குதாரர். இந்த விவரத்தைக் குழுக்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பாதைக்குப் பணம் போடுபவர், அது போகும் ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. வண்டிகள் யாருக்காக ஓடும் என்பதையும் அது பாதிக்கும்.

நிலம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. கொங்கணத்தில் நிலங்கள் துண்டு துண்டானவை. ஒரே துண்டில் அண்ணன் தம்பி, பெரியப்பா பிள்ளைகள் என்று பல பெயர்கள் இருக்கும். பாதிப் பேர் மும்பையில் இருப்பார்கள். மேலும், நிலத்தைவிட அதன்மேல் நின்ற மாவும் முந்திரியும்தான் பல குடும்பங்களின் வருமானம். எனவே இழப்பீட்டில் மரத்துக்கு என்ன மதிப்பு என்பது நிலத்தின் மதிப்புக்குச் சமமான சச்சரவானது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலையில் முன்னுரிமை என்ற ஏற்பாடு இருந்தது. அந்த முன்னுரிமை உத்தரவாதம் அல்ல என்பது பிறகுதான் உறைத்தது. நிலம் கொடுத்தவர்களின் சங்கங்கள் பாதை திறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் வேலை கேட்டுப் போராடியிருக்கின்றன. வடகன்னடத்தில் மனக்கசப்பு இன்னும் ஆழம். கார்வார், அங்கோலா வட்டாரத்து மக்கள் கடற்படைத் தளத்துக்கும் நிலம் கொடுத்தவர்கள். பிறகு ரயிலுக்கு, அதன்பின் தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தலுக்கு. ஒவ்வொரு திட்டமும் தன் கணக்கைத் தனியாகவே பார்க்கிறது. ஒரே வட்டாரம் மூன்று முறை நிலம் இழந்ததைக் கணக்கில் கொள்ள எந்த அலுவலகத்திலும் இடமில்லை.

எதிர்ப்பு மிகக் கூர்மையாக எழுந்தது கோவாவில். அங்கே யாரும் ரயிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடற்கரையை ஒட்டிய தடம் வேண்டாம், கிழக்கே மலையடிவாரமாகப் போகட்டும் என்றார்கள். காரணம் கஸான் நிலங்கள். கடல் ஏறி இறங்கும் கழிமுகங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன் மக்கள் மண்கரை கட்டி மீட்ட தாழ்நிலங்கள் இவை. ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் என்பது வழக்கமான மதிப்பீடு. நீர் ஏறும்போது தானே மூடி, இறங்கும்போது தானே திறக்கும் மரக்கதவு மதகுகள் உப்புநீரைத் தடுத்து மழைநீரை வெளியே விடும். உள்ளே உப்பைத் தாங்கும் நெல், மதகடியில் மீன், இறால். மதகை ஏலம் விடுவதும் கரையைப் பராமரிப்பதும் ஊர்ப் பொதுவின் வேலை. இப்படிப்பட்ட நிலத்தின் குறுக்கே ரயிலுக்காக உயரமான மண்கரை எழும்பினால் நீர் வடியும் வழி அடைபடும் என்பதுதான் உழவர்களின் அச்சம். பழைய கோவாவின் தேவாலயங்களுக்கு அருகே தடம் போவது இரண்டாவது கவலை. ஊர்கள் நெருக்கமாக இருக்கும் கடற்கரையில் வீடுகள் பிளவுபடும் என்பது மூன்றாவது.

சுற்றுச்சூழல் அமைப்பான கோவா ஃபவுண்டேஷன் தொடுத்த வழக்கைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1992இல் தள்ளுபடி செய்தது. போராட்டம் ஓயவில்லை. 1993இல் கோவாப் பகுதியில் பணி சில மாதங்கள் நிறுத்தப்பட்டு, ஒருநபர் ஆணையம் விசாரித்தது. முடிவில் பெரும்பாலும் பழைய தடமே நிலைத்தது. இதில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது; அது சரியாகாது. மலையடிவாரத் தடம் மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்களை விட்டு விலகியிருக்கும் என்ற நிறுவனத்தின் வாதம் உண்மை. ஆனால் சேற்று மண்ணும் நீர்வழியும் குறித்து உழவர்கள் சொன்னது கேட்கப்பட்ட விதம் குறையுடையது. கஸானின் நீரோட்டத்தை நன்கு அறிந்தவர்கள் மதகு ஆட்கள். தடம் தாளில் வரையப்படும்போது அவர்களைக் கேட்பதற்கு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. வரைந்து முடித்து வேலை தொடங்கிய பிறகே அவர்கள் நீதிமன்றம் வழியாகப் பேச வேண்டியிருந்தது. மண்ணும் தன் பங்குக்கு எதிர்த்தது. கோவாவின் வட எல்லையில் பெர்ணே மலைச்சுரங்கத்தில் ஈரக் களிமண் சரிந்து சரிந்து விழ, பாதையில் கடைசியாக முடிந்த இடங்களில் ஒன்றாக அது ஆனது. அதே சுரங்கத்தில் 2020 ஆகஸ்டில் சுவர் இடிந்தது. 2024 ஜூலையில் நீரும் சேறும் புகுந்து ரயில்கள் நின்றன.

பாதை திறந்ததும் நன்மைகள் உடனே தெரிந்தன. அவற்றைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. உடுப்பி, மணிப்பால் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆட்கள் எளிதாக வந்தனர். மும்பையிலிருக்கும் மலையாளிகளுக்கும் துளு நாட்டாருக்கும் ஊர் ஒரு நாள் தூரத்துக்குள் வந்தது. அவசரத்துக்கு ஊர் போக முடிகிறது என்பது பணத்தில் எண்ண முடியாத லாபம். இறப்பு, மகப்பேறு, கோர்ட் வாய்தா எல்லாமே அதில் அடக்கம். கோவாவுக்கு விமானத்தில் வந்த வெளிநாட்டுப் பயணிகளோடு ரயிலில் வரும் உள்நாட்டுப் பயணிகளும் சேர்ந்தார்கள். சிந்துதுர்க் 1997இல் சுற்றுலா மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பாதை முழுமையாகத் திறந்ததால் மால்வண், தார்கர்லி போன்ற மீனவ ஊர்களில் வீடுகளின் ஓர் அறை விருந்தினர் அறையானது. சமையல் தெரிந்த பெண்களின் கையில் முதல்முறையாகச் சொந்த வருமானம் வந்த வீடுகளும் உண்டு.

குறை தொடங்குவது நிறுத்தங்களில். ரோஹாவுக்கும் வீருக்கும் இடைப்பட்ட தொலைவு மட்டும் 2021இல் இரட்டைப் பாதையானது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் யார் யாருக்கு வழி விடுவது என்பதுதான் எல்லாமே. கேரளத்துக்கும் டெல்லிக்கும் இடையே ஓடும் ராஜதானி, சம்பர்க் கிராந்தி வகை வண்டிகள் நடுவில் ரத்னகிரி, மட்காவ் போன்ற சில நிலையங்களில் மட்டும் நின்று போகும். அவை கடக்கும்வரை உள்ளூர் பாசஞ்சர் ஏதோ ஒரு சிறு நிலையத்தில் கிராசிங்குக்காகக் காத்துக்கிடக்கும். நிலம் கொடுத்த ஊர்க்காரர் தன் வயலாக இருந்த இடத்தில் நின்றுகொண்டு, நிற்காத வண்டிகளை எண்ணுகிறார். கொங்கணத்துப் பயணிகள் சங்கங்களின் மனுக்களில் மிக அதிகமாகக் காணப்படும் கோரிக்கை புதிய பாதையோ புதிய நிலையமோ அல்ல. இன்ன வண்டி இன்ன ஊரில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்பதே. ரத்னகிரி பாசஞ்சர் முன்பு மும்பைக்குள் தாதர் வரை போகும். கோவிட்டுக்குப் பின் அது மும்பைக்கு வெளியே திவாவோடு நிறுத்தப்பட்டது. மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் அங்கே இறங்கி மின்சார ரயிலில் நெருக்கியடித்துப் போக வேண்டியதாயிற்று. சாவந்த்வாடியில் வண்டிகள் புறப்படும் முனையம் அமைக்க 2015இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முழுமை பெறாமல் இழுத்ததால் அந்தப் பகுதி மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

நிலையம் எங்கே அமைகிறது என்பதும் சின்ன விஷயமல்ல. மலையும் ஆறும் குறுக்கிடும் நிலத்தில் நேரான தடம் தேடியதால் பல நிலையங்கள் ஊரை விட்டுத் தள்ளி அமைந்தன. ராஜாப்பூர் ரோடு, வைபவ்வாடி ரோடு, சாவந்த்வாடி ரோடு, கோகர்ண ரோடு ஆகியவை அப்படிப்பட்டவை. அங்கே இறங்கினால் ஊருக்கு இன்னொரு பயணம் பாக்கி. நள்ளிரவில் இறங்கும் பயணி சில நேரம் ரயிலுக்குக் கொடுத்ததைவிட ஆட்டோவுக்கு அதிகம் கொடுக்கிறார். ஆட்டோக்காரருக்கு அது பிழைப்பு. பயணிக்கு அது மறைமுகக் கட்டணம். டிக்கெட்டிலும் ஒரு சுமை சேர்ந்தே இருந்தது. கட்டுமானக் கடனை அடைக்க, இப்பாதையில் பயணிகள் கட்டணத்துக்கான தூரம் நெடுங்காலமாக 40 சதவீதம் கூட்டிக் கணக்கிடப்பட்டது, 100 கி.மீ போனால் 140 கி.மீக்குக் காசு. சரக்குக்கு இந்தக் கூட்டல் 50 சதவீதம். கடலோரத்துக் கூலித் தொழிலாளிக்கு இது புரியாத கணக்கு. நிலமும் அவரிடம் எடுத்தார்கள், கட்டுமானச் செலவையும் அவரிடமே கேட்கிறார்கள்.

சதுர்த்தி நாட்களில் மும்பைப் பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான சிறப்பு ரயில் நடைகள் விடப்படுகின்றன. அப்படியும் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. சாக்கர்மானிகளின் ரயில் என்று மராட்டிய அரசியலில் இப்பாதை பேசப்படுவது இதனால்தான். ஆண்டில் பத்து நாள் தவிர மிச்ச நாட்களில் உள்ளூரில் வாழ்பவரின் தேவை அந்தப் பேச்சில் மறைந்துபோகிறது. காலையில் மாவட்டத் தலைநகருக்குப் போய் மாலையில் திரும்ப ஒரு வண்டி இருக்கிறதா என்பது கல்லூரி மாணவிக்கும் காய்கறி விற்பவருக்கும் மருத்துவமனைக்குப் போகும் முதியவருக்கும் முதல் கேள்வி. நெடுந்தூர வண்டிகளுக்காக வரையப்படும் கால அட்டவணை இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ரயில் வந்தால் ஊரிலேயே தொழில் பெருகும், வெளியூர் போவது குறையும் என்பது திட்டத்தின் பெரிய வாக்குறுதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு சொல்கிறது. 2001க்கும் 2011க்கும் இடையே ரத்னகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 17 லட்சத்திலிருந்து 16 லட்சத்து 15 ஆயிரமாகக் குறைந்தது, சிந்துதுர்க்கிலும் குறைந்தது. ரயில் ஓடத் தொடங்கிய முதல் பத்தாண்டு அது. குறைவுக்கு ரயில்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பிறப்பு விகிதச் சரிவும் மும்பையைச் சுற்றிய பகுதிகளின் வளர்ச்சியும் சேர்ந்தே இதைச் செய்தன. ஆனால் ரயில் மட்டும் ஆட்களை ஊரில் தங்கவைக்காது என்பது இதில் உறுதியாகிறது. பூட்டிய வீடுகள் சதுர்த்திக்குத் திறக்கின்றன, பிறகு மூடுகின்றன. கொங்கணத்தின் பெருமையான அல்போன்சா மாம்பழம் இன்றும் பெரும்பாலும் லாரியில்தான் நவி மும்பையின் வாஷி மண்டிக்குப் போகிறது. தோட்டத்திலிருந்து மண்டி வரை ஒரே வண்டி, ஒரே ஏற்றிறக்கம். ரயிலில் அனுப்பினால் பெட்டியை மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும், பழம் தாங்காது. சரக்கில் நிறுவனம் கண்ட நல்ல வழி 1999இல் மகாராஷ்டிரத்தின் கோலாடுக்கும் கோவாவின் வெர்ணாவுக்கும் இடையே தொடங்கிய ரோ-ரோ சேவை. சரக்கோடு லாரியையே தட்டு வேகனில் ஏற்றிக் கொண்டுபோகும் ஏற்பாடு இது. டீசல் மிச்சம், ஓட்டுநருக்கு ஓய்வு, மலைச்சாலையில் நெரிசல் குறைவு. நெடுஞ்சாலையோரத்து ஓட்டல்களுக்கும் பஞ்சர் கடைகளுக்கும் வியாபாரம் குறைந்த கணக்கை யாரும் எடுக்கவில்லை.

மழைக்காலம் தனிக் கதை. செம்புரை மலைகளைச் செங்குத்தாக வெட்டிப் போட்ட பாதை இது. 2003 ஜூன் 22 இரவு வைபவ்வாடி அருகே சரிந்த பாறையில் மோதி ரயில் கவிழ்ந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் அதேபோல் விபத்துக்குள்ளாகிப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் சரிவுகளில் கம்பி வலை, மண்ணைப் பிடிக்கும் வெட்டிவேர், இரவு பகலாகத் தடம் சுற்றிப் பார்க்கும் ஆட்கள், மழைக்காலத்துக்கெனத் தனிக் கால அட்டவணை எல்லாம் வந்தன. வேகம் குறைக்கப்படுகிறது; கடும் மழையில் மணிக்கு 40 கி.மீ. விபத்துகள் குறைந்தன. மழையில் டார்ச்சும் கொடியுமாக மைல் கணக்கில் நடக்கும் அந்தத் தடக் காவலர்களில் பலர் பக்கத்து ஊர்க்காரர்கள். எந்தப் பாறை எந்த மழைக்குப் பெயரும் என்ற அவர்களின் அறிவு, கட்டுமானத்தின்போது கேட்கப்படாமல் போன அறிவின் அதே வகை.

கோவாவின் தென்பகுதி ஊர்கள் இப்போது இன்னொரு பாதையோடு மல்லுக்கட்டுகின்றன. மர்மகோவா துறைமுகத்தையும் கர்நாடகத்தையும் இணைக்கும் தென்மேற்கு ரயில்வேயின் பழைய பாதையை இரட்டிப்பாக்குவது நிலக்கரிக்காகவே என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 2020 நவம்பர் முதல் நாள் இரவு சாந்தோர் ஊரில் மக்கள் திரண்டு தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அதே திட்டத்தில் மலைக்காட்டுப் பகுதிக்குத் தரப்பட்ட வனவிலங்கு வாரிய ஒப்புதலை 2022 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. பயணிகள் வண்டி கூடும் என்று ரயில்வே சொல்லியும் ஊர்கள் நம்பவில்லை. முதல் பாதையில் கிடைத்த பாடம் இரண்டாவதைச் சந்தேகத்தோடு பார்க்கவைத்தது என்று படிப்பதே பொருத்தம்.

தனி நிறுவனமாக இருப்பதால் விரிவாக்கத்துக்கும் நிலைய மேம்பாட்டுக்கும் பணம் இல்லை என்ற குறை முற்றி, கொங்கண் ரயில்வேயை இந்திய ரயில்வேயோடு இணைக்கும் கோரிக்கை எழுந்தது. மற்ற மாநிலங்கள் இசைந்தபின், 2025இல் மகாராஷ்டிரமும் ஒப்புதல் கொடுத்தது. கொங்கண் என்ற பெயர் நீடிக்க வேண்டும் என்று கேட்டது.

தமிழ்நாட்டுக் குழுக்களின் மனுக்கள் பெரும்பாலும் “பாதை வேண்டும்” என்ற ஒற்றை வரியில் நிற்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மதுரை–போடி பாதையில் அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற ரயில் மீண்டும் போடியை அடைந்தது 2023 ஜூனில். அவ்வளவு காலம் காத்தவர்களுக்கு வண்டி வந்ததே பெரிது. ஆனால் பேரம் பேச ஊருக்கு வலு இருப்பது நிலம் கைமாறுவதற்கு முன்புதான். கொங்கணம் முழுக்க அதைச் சொல்கிறது.

எனவே மனுவில் சில விவரங்கள் முதலிலேயே எழுதப்பட வேண்டும். தடத்தின் குறுக்கே வரும் ஒவ்வொரு ஓடை, கண்மாய் வரத்துக்கால், கலுங்கு, வண்டிப்பாதை ஆகியவற்றின் பட்டியல் சர்வே எண்ணோடு இணைக்கப்பட வேண்டும். அதைத் தயாரிக்க வேண்டியவர் நீர்ப்பாய்ச்சியும் பாசன விவசாயிகளும்தான், அவர்கள் பெயரில் யாரோ அல்ல. நிலையம் பேருந்து நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று எண்ணில் சொல்லப்பட வேண்டும். காலை போய் மாலை திரும்ப ஒரு ஜோடி பாசஞ்சர் வண்டி, நெடுந்தூர வண்டிகளில் எவை எங்கே நிற்க வேண்டும் என்ற பட்டியல், தென்னைக்கும் புளிக்கும் மாவுக்கும் தனித்தனி மதிப்பு, வேலை வாக்குறுதி என்றால் எண்ணிக்கையும் கால வரம்பும் எழுத்தில் ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும்.

சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் ஊர்க் கூட்டத்தில் விசாரணையையும் வைத்திருக்கிறது. ஆனால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் கீழ் சிறப்பு ரயில் திட்டம் என்று நிலம் எடுக்கப்பட்டால் இழப்பீட்டு விதிகள் பொருந்துமே தவிர அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. எந்தச் சட்டத்தில் நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று குழுக்கள் முதல் கூட்டத்திலேயே கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். மதிப்பீடு கட்டாயமில்லை என்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டு அதைக் கேட்க வேண்டும். நில அளவைக்கு ஆட்கள் ஊருக்குள் வரும் முன்பே தீர்மானமும் பட்டியல்களும் கலெக்டர் அலுவலகத்திலும் கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்திலும் பதிவாகி, ஒப்புகைச் சீட்டு குழுவின் கையில் இருக்க வேண்டும்.